ஒரு சொல்லும் பொய்யில்லை

மதிப்பிற்குரிய நாளிதழ் நிர்வாகத்தாருக்கு,

உங்களைப் பாராட்டத்தான் இந்தக் கடிதம். பத்திரிகையின் பெயரை எழுதவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாக இருந்ததை நன்றாக இருந்தது என்றுதான் எழுதப்போகிறேன். அது எங்கே போய்க் குத்துகிறது என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அந்தப் பெரிய எழுத்து. அதற்கு நான் உங்களுக்குக் கடன்பட்டவன்.

என் அப்பா அம்பாசமுத்திரத்தில் கூட்டுறவு வங்கிக் காசாளராக இருந்து 2001-இல் ஓய்வு பெற்றவர். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து வீட்டில் உங்கள் பத்திரிகைதான். முதல் பக்கத்தில் தொடங்கினால் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வரும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் வரைக்கும் படித்துவிட்டுத்தான் மடித்து வைப்பார். முக்கியம் என்று பட்ட செய்திக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு இருக்கும். அம்மா பழைய பேப்பர் போடும்போது அந்தக் கோடு போட்ட தாள்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் மிச்சத்தை எடைக்குப் போடுவாள்.

இரண்டு கண்ணிலும் புரை அறுவைச் சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் நன்றாக இருந்தார். அப்புறம் விழித்திரையின் நடுப்பகுதி தேயத் தொடங்கியது. இந்த நோயில் ஓரத்தில் இருப்பதெல்லாம் தெரியும். எந்த எழுத்தைப் பார்க்கிறோமோ அது மட்டும் மறைந்துபோகும். லென்ஸ் வைத்துப் படித்தார். 2023 கடைசியில் லென்ஸும் போதவில்லை. காலையில் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு, தலைப்புகளை மட்டும் தடவுவதுபோல் பார்த்துவிட்டு, பேசாமல் அம்மாவிடம் நீட்டிவிடுவார். அம்மா சமையலுக்கு நடுவே நாலு வரி வாசித்துக் காட்டுவாள்.

2024 பிப்ரவரி 1-ஆம் தேதி, சென்னையிலிருந்து ஊருக்குப் போனபோது பத்து அங்குல டேப்லட் ஒன்றை வாங்கிப் போய், உங்கள் இ-பேப்பருக்கு ஓராண்டுச் சந்தா கட்டினேன். மறுநாள் காலை திருநெல்வேலிப் பதிப்பு அச்சில் வந்த அதே வடிவில், அதே பத்தி அமைப்போடு திரையில் வந்தது. அன்றைக்கு இடைக்கால பட்ஜெட் செய்தி. அப்பாவின் இரண்டு விரலைப் பிடித்துத் திரையில் வைத்து, இப்படி விரிக்க வேண்டும் என்று காட்டினேன். எழுத்து கட்டைவிரல் நகம் அளவுக்கு வந்தது. அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஓரப் பார்வையால் ஒவ்வொரு சொல்லாகப் பிடித்தார். "ஏட்டி, இங்க வா. தெரியுது பாரு" என்று அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அந்தக் குரலை நான் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது.

அதைச் செய்தது நீங்கள். கண் மருத்துவர் முடிந்தவரை பார்த்துவிட்டுக் கையை விரித்த இடத்தில், உங்கள் பொறியாளர் யாரோ ஒருவர் எழுதிய நிரல் என் அப்பாவுக்குப் பேப்பரைத் திருப்பிக் கொடுத்தது. முழுதாக ஓராண்டு கொடுத்தது. இதை யாரிடமும் சொல்ல நான் தயங்கியதில்லை.

அடுத்து, நீங்கள் பணம் எடுக்கும் முறை. அது பழுதில்லாத வேலை. 2025 பிப்ரவரி 1-ஆம் தேதி சனிக்கிழமை காலை 6 மணி 10 நிமிடத்துக்கு என் கணக்கிலிருந்து புதுப்பிப்புத் தொகை 2,499 ரூபாய் போனது. முதலாண்டு 999 ரூபாய். இரண்டாமாண்டு விலை வேறு என்பது விதிமுறைப் பக்கத்தில் இருந்தது, நான்தான் அதுவரை போகவில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வந்திருந்தது. 15,000 ரூபாய்க்குள் என்பதால் ரகசிய எண் கேட்கவில்லை. பணம் போன மூன்றாவது நொடி ரசீது மின்னஞ்சலில் வந்தது. என் பெயர், முகவரி, வரிக் கணக்கு எதிலும் ஓர் எழுத்துப் பிழை இல்லை. யு.பி.ஐ., வங்கி, உங்கள் கணினி என்று மூன்று இடத்தைத் தொட்டு வரும் வேலை இது. இடையில் எங்கே சிக்கினாலும் நின்றுவிடும். நிற்கவில்லை. கணினித் துறையில் இருபது ஆண்டு இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைக் கட்டியவர்கள் தேர்ந்தவர்கள்.

மறுநாள் ஞாயிறு. முந்தின நாள்தான் நாடாளுமன்றத்தில் பட்ஜெட் வாசித்திருந்தார்கள். 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்ற செய்தியைவிட அப்பா காத்திருந்தது வேறொன்றுக்கு. மூத்த குடிமக்களின் வைப்புநிதி வட்டியில் முன்கூட்டி வரி பிடிக்கும் வரம்பை 50,000-இலிருந்து ஒரு லட்சம் ஆக்கியிருப்பதாகத் தொலைக்காட்சியில் ஒரு வரி ஓடியது. அதைப் பேப்பரில் பார்த்தால்தான் அவருக்குச் செய்தி. முப்பத்தைந்து வருஷம் வட்டி போட்டுக் கொடுத்தவர். கண் சரியாக இருந்த காலத்தில் பட்ஜெட்டுக்கு மறுநாள் அவர் பக்கத்தில் பென்சிலும் ஒரு வெள்ளைத் தாளும் இருக்கும்.

முதல் பக்கம் திறந்தது. அவர் விரலை வைத்து விரித்ததும் நடுவில் ஒரு கட்டம் வந்து செய்தியை மறைத்தது. தொடர்ந்து படிக்கச் சந்தா செலுத்தவும் என்று அதில் எழுதியிருந்தது. நீங்கள் அந்த எழுத்தைப் பெரிதாகவே போட்டிருந்தீர்கள். அவரால் எளிதாகப் படிக்க முடிந்தது.

ஆறரை மணிக்கு எனக்குப் போன்.

"ஏல, பேப்பருக்குப் பணம் கட்டலையோ?"

"நேத்தே கட்டியாச்சுப்பா."

"பின்ன ஏன் கட்டு கட்டுன்னு கேக்கான்?"

அந்தக் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்க எனக்குப் பத்தொன்பது நாள் ஆனது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடைப்பட்ட ஓராண்டில் உங்கள் செயலியில் கணக்குத் திறக்கும் முறை மாறியிருந்தது. பழைய கணக்கு என் கைப்பேசி எண்ணில் இருந்தது. புதுப்பிப்புப் பணம் வந்தபோது, உங்கள் கணினி என் மின்னஞ்சல் முகவரியில் புதிதாக ஒரு கணக்கைத் தொடங்கி அதில் சந்தாவைச் சேர்த்துவிட்டது. அப்பாவின் டேப்லட்டில் பழைய கணக்கு. பணம் ஒரு வீட்டுக்குப் போய்விட்டது, பேப்பர் இன்னொரு வீட்டுக்கு வர வேண்டியிருந்தது. இரண்டு கணக்கையும் ஒன்றாக்க வேண்டும், அவ்வளவுதான். தெரிந்த ஆளுக்கு ஐந்து நிமிட வேலை.

இந்த இடத்தில் உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரொம்ப அழகான பக்கம். இளநீலப் பின்னணி, தலையில் ஒலிக்கருவி மாட்டிச் சிரிக்கும் பெண், கண்ணை உறுத்தாத எழுத்து. ஒரு கீறல் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தபோது ஔவை நினைவுக்கு வந்தார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனபோது, அவன் படைக்கலங்களைக் காட்டினான். மயில்பீலி சூட்டி, மாலை அணிவித்து, நெய் பூசி, காவல் உள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன என்று அவர் பாராட்டினார். அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றில் 95-ஆம் பாட்டு. பள்ளியில் இதை வஞ்சப்புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகப் படித்தோம். இப்போது யோசித்தால் அதில் வஞ்சம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அவர் கண்ணால் கண்டதைச் சொன்னார். ஆயுதங்கள் அழகாகத்தான் இருந்தன.

உங்கள் புகார்ப் பக்கமும் அப்படித்தான் இருந்தது. புகாரை எழுதி அனுப்பிய இரண்டாவது நொடியில் எண் வந்தது. 48 மணி நேரத்துக்குள் தொடர்புகொள்வோம் என்றது. மூன்றாம் நாள் காலை, புகார் தீர்க்கப்பட்டது என்று ஒரு மின்னஞ்சல். ஊருக்குப் போன் போட்டேன். கட்டம் அப்படியே இருக்கிறது என்றார் அப்பா. அன்று மாலையே இன்னொரு மின்னஞ்சல் வந்தது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டு. மறுபடியும் புகார் எழுதினேன், மறுபடியும் எண் வந்தது. நான்கு எண்கள் என்னிடம் இருக்கின்றன. நான்கும் தீர்க்கப்பட்டவை.

தொலைபேசி திங்கள் முதல் சனி வரை, காலை பத்து முதல் மாலை ஆறு வரை. நான்கு முறை பேசினேன். அதில் மூன்று முறை ஒரே பெண் எடுத்தாள், குரலை வைத்துச் சொல்கிறேன். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். அவளைப் போன்ற ஓர் ஊழியர் உங்களுக்குக் கிடைத்திருப்பது உங்கள் அதிர்ஷ்டம். நான் முதல் முறை கொஞ்சம் சத்தமாகத்தான் பேசினேன். அவள் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். "ரெண்டு அக்கவுண்ட் இருக்கு சார், அதான் பிரச்சனை" என்று முதல் நாளே கண்டுபிடித்தவள் அவள்தான். ஆக, நோய் என்னவென்று உங்கள் நிறுவனத்துக்குப் பிப்ரவரி 3-ஆம் தேதி காலை பதினொன்றுக்கே தெரியும்.

"அப்ப சேர்த்து விட்டுடும்மா" என்றேன்.

"எனக்கு அந்த ஆப்ஷன் இல்ல சார். டெக்னிக்கல் டீமுக்கு எழுதி விடுறேன்."

எழுதி விட்டாள். மறுபடி பேசியபோது மறுபடி எழுதி விட்டாள். மூன்றாம் முறை நான் சத்தம் போடவில்லை. அப்பாவுக்குக் கண் தெரியாது, பெரிதாக்கித்தான் படிப்பார், இதைத் தவிர அவருக்குப் பொழுதுக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எங்க தாத்தாவும் அப்படித்தான் சார்" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீங்க பேங்க் ஆப்லயே ஆட்டோபேவை நிறுத்திடுங்க சார். இங்க சொல்லி ஆகாது" என்றாள். அவள் வேலைக்கு அது ஆபத்து. இருந்தும் சொன்னாள். உங்கள் நிறுவனத்தில் எனக்குக் கிடைத்த உண்மையான உதவி அந்த ஒரு வாக்கியம். அவள் பொறுமையைப் பாராட்டும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். ஒரு பெண்ணை நாள் முழுக்க வசவு வாங்கும் இடத்தில் உட்காரவைத்து, ஐந்து நிமிட வேலையைச் செய்யும் பொத்தானை அவள் கைக்கு எட்டாமல் யாரோ வைத்திருக்கிறார்கள். அந்த யாரோவிடம் வசவு ஒருபோதும் போய்ச் சேர்வதில்லை.

நான்காவது முறை, பிப்ரவரி 20. சந்தாவை நிறுத்துவது என்று முடிவு செய்திருந்தேன். செயலியில் அதற்குப் பொத்தான் இல்லை. போனில்தான் சொல்ல வேண்டுமாம். அழைத்தேன். நிறுத்துவதற்கு எண் 3 என்றது பதிவுக் குரல். அழுத்தினேன். இரண்டே மணி ஒலித்து எடுத்துவிட்டார்கள்! அதுவரை சராசரியாகக் கால் மணி நேரம் இசை கேட்டுக்கொண்டிருந்தவன் நான்.

எடுத்தவர் இளைஞர், சுறுசுறுப்பானவர். என் பெயர், சந்தா தொடங்கிய தேதி, எந்தப் பதிப்பு, எல்லாம் அவர் முன் திரையில் இருந்தன. என்ன குறை சார் என்றார், சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் மூன்று மாதம் இலவசம் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அப்படியானால் அடுத்த ஆண்டுப் புதுப்பிப்பில் பாதி விலை. அதுவும் வேண்டாம் என்றதும் வார இதழ் ஒன்றையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். எதற்கும் மேலதிகாரியைக் கேட்கவில்லை. எல்லாம் அவர் கையிலேயே இருந்தது.

"தம்பி, இதெல்லாம் வேண்டாம். அந்த ரெண்டு கணக்கையும் சேர்த்து மட்டும் விடுங்க. இப்பவே சந்தாவைத் தொடர்றேன்" என்றேன்.

"அது டெக்னிக்கல் டீம் சார். எங்களால முடியாது."

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அதுவரை உங்களுக்கு ஆள் பற்றாக்குறை என்று நினைத்திருந்தேன். பத்திரிகை நடத்துவது எளிதல்ல, விளம்பரம் குறைந்துவிட்டது, காகித விலை ஏறிவிட்டது என்று நீங்கள் எழுதும் தலையங்கங்களைப் படித்து நானே உங்களுக்காக அப்பாவிடம் வாதாடியிருக்கிறேன். உங்களிடம் ஆள் இருக்கிறார்கள், இரண்டு மணி ஒலிப்பதற்குள் எடுக்கிறார்கள். அவர்கள் கையில் அதிகாரமும் இருக்கிறது, ஒருவரையும் கேட்காமல் மூன்று மாதம் தூக்கிக் கொடுக்கிறார்கள். கணினித் திறமைக்கும் குறைவில்லை, மூன்று நொடியில் ரசீது வருகிறது. இத்தனையும் வாசல் பக்கம் நிற்கின்றன. பணம் உள்ளே வரும் வழியிலும் ஆள் வெளியே போகும் வழியிலும் மட்டும் நிற்கின்றன. உள்ளே உட்கார்ந்து பேப்பர் படிக்கும் மனிதனிடம் ஒன்றும் வரவில்லை. முடியாதவர்கள் செய்யாமல் விட்டால் மன்னிக்கலாம். உங்களால் முடியும் என்பதை நீங்களே எனக்கு நிரூபித்துக் காட்டிவிட்டீர்கள்.

உங்கள் செய்தியாளர்களையும் சொல்லாமல் விடக்கூடாது. எனக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் இணைய வியாபாரத்தில் நடக்கும் ஏமாற்று உத்திகளைத் தடைசெய்து வழிகாட்டு நெறிகளை வெளியிட்டபோது, அதை உங்கள் பத்திரிகை அரைப் பக்கத்துக்கு விளக்கியது. பதின்மூன்று உத்திகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, பள்ளிப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தார்கள். சேருவது எளிதாகவும் விலகுவது கடினமாகவும் இருந்தால் அது சந்தாப் பொறி. விலகும் வழியை ஒளித்து வைப்பதும் அதில் அடங்கும். இத்தகைய உத்திகளுக்கு 2010-இல் முதன்முதலில் பெயர் சூட்டியவர் ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் என்ற தகவல்வரை அதில் இருந்தது. அப்பா பென்சில் கோடு போட்ட கடைசித் தாள்களில் அதுவும் ஒன்று. அம்மா எடுத்து வைத்திருந்தாள். இணைய வணிக விதிகள், 2020, புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று சொல்வதும் உங்கள் கேள்வி-பதில் பகுதியில் படித்ததுதான். நுகர்வோர் உதவி எண் 1915 என்பதை நீங்கள் பெட்டி கட்டிப் போட்டிருந்தீர்கள்.

ஜெர்மனியில் 2022 ஜூலை முதல், இணையத்தில் சந்தா சேர்க்கும் நிறுவனங்கள் இணையத்திலேயே நிறுத்துவதற்கும் ஒரு பொத்தான் வைத்தாக வேண்டும் என்ற சட்டம் இருப்பதையும் உங்களிடம்தான் தெரிந்துகொண்டேன். அமெரிக்க வர்த்தக ஆணையம் அமேசான் மீது 2023 ஜூனில் போட்ட வழக்கு இருக்கிறதே, பிரைம் சந்தாவை நிறுத்த நான்கு பக்கம், ஆறு சொடுக்கு, பதினைந்து தெரிவுகளைத் தாண்ட வேண்டியிருந்தது என்றும், அந்த வழிக்கு உள்ளே இருந்தவர்களே இலியட் என்று பெயர் வைத்திருந்தார்கள் என்றும் ஆணையம் சொன்ன வழக்கு, அதை நீங்கள் விடாமல் தொடர்ந்தீர்கள். ஹோமரின் அந்தக் காவியம் பத்தாண்டு நீண்ட ஒரு போரைப் பற்றியது என்று ஒரு வரி சேர்த்திருந்தார் உங்கள் நிருபர். 2025 செப்டம்பரில், தவற்றை ஒப்புக்கொள்ளாமலே, 250 கோடி டாலருக்கு அந்த நிறுவனம் சமரசம் செய்துகொண்டதும் உங்கள் பத்திரிகையில் முதல் பக்கச் செய்தி. வாசகனை மதிக்காத நிறுவனம் நிலைக்காது என்ற பொருளில் மறுநாள் நல்ல தலையங்கம் ஒன்று வந்தது. ஒவ்வொரு வரியிலும் எனக்கு உடன்பாடுதான். அதை எழுதியவர் இருப்பது உங்கள் கட்டடத்தில்தான். சந்தாப் பிரிவு எந்தத் தளத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஒருநாள் படி இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு அதையும் எழுதினால், என் அப்பா உட்பட நிறையப் பேர் படிப்பார்கள். அப்பாவுக்கு மட்டும் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும்.

கடைசியாக உங்கள் ஏஜென்ட். அவரை நீங்கள் உங்கள் ஆளாகக் கணக்கில் வைத்திருக்கிறீர்களா என்று தெரியாது. அவருக்குச் சம்பளம் இல்லை, பிரதிக்கு இவ்வளவு என்று கமிஷன்தான். எங்கள் ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. காலை நாலு மணிக்கு வேன் வந்து கட்டைப் போட்டுவிட்டுப் போகும். கடை வாசல் விளக்கில் எண்ணி, இணைப்பைச் சொருகி, லைன் பையன்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, எங்கள் தெருவுக்கு அவரே வருவார். மழைக்காலத்தில் பாலிதீன் உறை போட்டு, நனையாத இடமாகப் பார்த்துத் திண்ணையின் உள்மூலையில் வைப்பார். பத்து நாள் ஊருக்குப் போகிறோம் என்று தெருவில் பார்த்துச் சொன்னால் போதும். பையிலிருந்து நீள நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்வார். அந்தப் பத்து நாள் பேப்பரும் வராது, பில்லும் வராது.

பேப்பர் போடுகிறவர்களின் கதை நம் ஊரில் பெருமையோடு சொல்லப்படுவது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்ட நாளிதழ்க் கட்டுகளை எடுத்து வீடு வீடாகச் சேர்க்க, ஏஜென்டாக இருந்த உறவினருக்கு உதவிய சிறுவன்தான் பிற்காலத்துக் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம். அந்தச் சம்பளத்தை அவர் தன் வரலாற்றில் பெருமையோடு நினைவுகூர்ந்திருக்கிறார். ரயில் நிற்கவில்லை, அதனால் பேப்பர் வராது என்று அன்று எந்த வீட்டிலும் சொல்லவில்லை.

அண்ணாச்சியிடமும் அந்தக் குணத்தைப் பார்த்தேன். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. தாமிரபரணி கரை மீறி ஓடியது. சாலைகள் அறுந்து எங்கள் ஊருக்கு வேன் வர வழியில்லை. இரண்டு நாள் பேப்பர் இல்லை. அவர் கடைக்குள்ளும் தண்ணீர். மூன்றாம் நாள் எங்கிருந்தோ கட்டை வாங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் வந்தார் என்று அம்மா சொன்னாள். மாதக் கடைசியில் பில்லில் இரண்டு நாள் குறைந்திருந்தது. "ரெண்டு நாள் போடலயே சார், கழிச்சிருக்கேன்" என்றாராம். ஊரே மூழ்கிக் கிடந்தபோது, போடாத இரண்டு நாளுக்குப் பத்தோ இருபதோ ரூபாயைக் கழிக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு விதியும் சொல்லவில்லை. நீங்கள் பயிற்சி கொடுத்ததாகவும் தெரியவில்லை. அவர் நோட்டில் அவரே எழுதலாம், அடிக்கலாம். அவ்வளவு அதிகாரம் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

பிப்ரவரி 20-ஆம் தேதி இரவு, அந்தப் பெண் சொன்னபடியே வங்கிச் செயலியில் ஆட்டோபேயை நிறுத்தினேன். ரகசிய எண்ணைப் போட்டதும் முடிந்துவிட்டது. சிறிது நேரத்தில் உங்களிடமிருந்து மின்னஞ்சல்: உங்கள் விருப்பப்படி சந்தா நிறுத்தப்பட்டது. அதிலும் பொய்யில்லை, நான்தான் நிறுத்தினேன். 2,499 ரூபாய் திரும்பி வராது. புதுப்பித்த சந்தாவுக்குப் பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று விதிமுறையில் இருக்கிறது. அதற்காக நான் இதை எழுதவில்லை.

மார்ச் 1 முதல் அண்ணாச்சி மறுபடி பேப்பர் போடுகிறார். அப்பாவால் தலைப்பை மட்டும்தான் பார்க்க முடிகிறது. மற்றதை அம்மா வாசிக்கிறாள். அவளுக்கும் எழுபத்தாறு ஆகிறது, இரண்டு பக்கத்துக்கு மேல் தொண்டை கட்டுகிறது. டேப்லட் அலமாரியில் இருக்கிறது. அந்தப் பெரிய எழுத்தை வேறு யாராலும் எங்களுக்குத் தர முடியவில்லை.

மார்ச் மாதக் கணக்கு வாங்க அண்ணாச்சி வந்தபோது நான் ஊரில் இருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து நோட்டைப் பிரிக்கும் முன்பே அப்பா பணத்தை எண்ணித் தயாராக வைத்திருந்தார். நோட்டு தனியாக, சில்லறை தனியாக, காசாளர் பழக்கம். அண்ணாச்சி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"தம்பி, ரசீது ஒண்ணு எழுதிக் குடுத்துரு" என்றார் அப்பா.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அப்பா ரசீது கேட்டதில்லை, அவரும் எழுதியதில்லை. ரசீதுப் புத்தகம்கூட அவரிடம் இல்லை. நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து, மார்ச் மாதப் பேப்பர் பணம் முழுதும் வரவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்பா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இப்படிக்கு,
உங்கள் பழைய சந்தாதாரர்